அதட்டினால் வரிசையில் நிற்கும் எண்கள்

தான் ஓர் அதட்டுப் போட்டால் கணினிக்குள் இருக்கும் எண்கள்கூட அடித்துப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் என்று இடி சொல்லிக்கொள்வாள். லட்சம் எண்கள் ஆனாலும் அவள் வாய் மூடுவதற்குள் நின்றாக வேண்டும்.

அலுவலகத்தில் அவளுக்கு இடி என்றுதான் பெயர். அவள் குரலில் மாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டதாக ஒரு பேச்சு உண்டு, கிளப்பிவிட்டவளும் அவளேதான். துளியும் நம்பாத ஒரே ஆள், எதிர் மேசையில் இருக்கும் கொழுந்தன். இருவரும் சேர்ந்து கணினிக்கான ஒரு புதிய நிரல்மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் அர்ரே என்ற பட்டியல் பகுதிக்குள், எண்களை வரிசைப்படுத்தும் பழைய முறைகளையெல்லாம் சேர்ப்பது இடியின் வேலை.

மொழி வெளியாகும் நாளன்று காலையில் திறந்து பார்த்தால், அவள் எழுதியது ஒன்றையும் காணோம். கொழுந்தன் எழுதிய குவிக் சார்ட் என்ற வரிசை முறை மட்டும் தன்னந்தனியாக நின்றது.

"என்னோடதெல்லாம் எங்கே?"

"தூக்கிட்டேன் அண்ணி. அதெல்லாம் காலேஜ் பசங்க பரீட்சைக்கு எழுதுறது. இது ஒண்ணு போதும்."

"யாரைக் கேட்டு?"

"அண்ணன் சரின்னுட்டார்."

அண்ணன் என்றால் அவள் கணவன். அந்த அலுவலகத்தின் முதலாளி.

"உன் அண்ணனுக்குக் காலுறையை ஜோடி சேர்க்கவே தெரியாது. அவர் சரின்னாராம், இவன் தூக்கினானாம்."

அவள் காதுமடலில் சட்டைக்கு இஸ்திரி போடலாம், அவ்வளவு சூடு. வானிலை நிலையத்திலிருந்து வந்த லட்சம் நேரக்குறிப்பு எண்களை அவன் முன்னால் இறக்கினாள். நேரப்படி வந்து விழுபவை. ஒன்றிரண்டுதான் தாமதமாக வந்து இடம் மாறியிருக்கும்.

"ஓட்டு."

ஓட்டினான். கணினியின் விசிறி ஹெலிகாப்டர் போல இரைந்தது. மேசையில் ஆறிக்கிடந்த காபி மறுபடி ஆவி விட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"முதல்ல நிக்கிறவனையே நடு ஆளா வச்சு, சின்னது இந்தப் பக்கம், பெரியது அந்தப் பக்கம்னு பிரிக்கச் சொல்லியிருக்கே. ஏற்கெனவே வரிசையா வந்தா, முதல் ஆளைவிடச் சின்னவன் எங்கேடா இருப்பான்? ஒவ்வொரு தடவையும் ஒருத்தனைத்தான் கழிக்குது. ஒழுங்கா நிக்கிறவங்களைப் போட்டு இந்த அலைக்கழிப்பா?"

அவன் முகம் சுருங்கியது, வாய் சுருங்கவில்லை. "அப்போ நீங்க அதட்டுங்க, பார்ப்போம். நின்னுச்சுன்னா எல்லாத்தையும் நானே திரும்ப வைக்கிறேன்."

பழைய பிரதியிலிருந்து தன் செருகல் முறையை எடுத்தாள். இடம் மாறியவனை மட்டும் பிடித்து உரிய இடத்தில் நுழைத்துவிட்டு, மற்றவர்களைத் தொடாமல் போகிற முறை. விசையை ஓங்கிக் குத்தி, காலையிலிருந்து அடக்கிய கோபத்தையெல்லாம் திரட்டிக் கத்தினாள்:

"எல்லாரும் வரிசையில..."

'நில்லுங்க' இன்னும் தொண்டையில் இருந்தது. திரையில் 'முடிந்தது' என்று வந்துவிட்டது.

சத்தம் கேட்டுக் கணவன் கதவருகே ஓடிவந்தான். "என்னடா ஆச்சு?"

கொழுந்தன் தலை நிமிரவில்லை. அவளுடைய முறைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி அதட்டினாங்க. எல்லாம் வரிசையில நின்னுடுச்சு அண்ணா. என் கண்ணால பார்த்தேன்."