மஞ்சள் தீ

வீட்டைச் சூடாக்கும் காஸ் பாய்லரின் சின்னக் கண்ணாடிக்குள் தீ மஞ்சளாக எரிந்தது. எனிட் ஹெப்வொர்த் குனிந்து பார்த்தாள். எப்போதும் நீலமாக, அடக்க ஒடுக்கமாக எரிகிற தீ. தலை விண்விண்ணென்று தெறித்தது. மதியச் சாப்பாட்டில் இறைச்சி அதிகமாகிவிட்டது என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

ஹாலிஃபாக்ஸ் நகரின் அந்தத் தெருவில் அவளைப் போலப் பாய்லரைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் கிடையாது. வெந்நீர் காலையில் மட்டும். ஆளில்லாத அறைகளில் சூடு கிடையாது. பின்கதவின் இடுக்குகளைக் குளிர் தொடங்கும்போதே கம்பளித் துணி திணித்து, நாடா ஒட்டி அடைத்துவிடுவாள். இன்று காலை, பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த காற்றுத் துளையையும் பழைய போர்வையால் அடைத்தாள்.

"அதை விட்ரு, அக்கா," என்றான் தம்பி வில்ஃப், முட்டையைத் தின்றுகொண்டே. "அதுவும் மூச்சு விட வேணாமா?"

"பாய்லருக்கு மூச்சாம்! வாயை மூடிட்டுத் தின்னுடா. காசு குடுத்த சூட்டைத் தெருவுல கொட்ற குடும்பமில்ல இது."

"சரிதான். செத்தாலும் வெதுவெதுப்பா சாவோம்."

காற்றில்லாமல் எரிகிற காஸ் விஷப்புகையாகும் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போர்வையைப் பிடுங்கி எறிந்தாள். பாய்லரை அணைத்தாள். அடுப்படி நாற்காலியில் வில்ஃப் சாய்ந்து கிடந்தான். கோப்பை மடியில் கவிழ்ந்து தேநீர் கால்சட்டையை நனைத்திருந்தது. அதுகூடத் தெரியாமல் என்ன தூக்கம்?

"வில்ஃப். டேய், எந்திரிடா."

தோளைக் குலுக்கினாள். தலை ஒருபக்கமாகத் தொங்கியது.

பின்கதவை இழுத்தாள். அவளே ஒட்டிய நாடா, அவளே திணித்த துணி. அசையவில்லை. பின்முற்றம் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். இனி இருப்பது வாசல் மட்டும். ஞாயிற்றுக்கிழமை, தெரு முழுக்க ஆட்கள். அவள் சிறுமியாக இருந்தபோது இதே தெருவில் ஒரு வீட்டு காஸ் இணைப்பை, ஆபத்தென்று கம்பெனி ஆள் வந்து பூட்டிப் போனான். அந்த வீட்டுப் பெண்கள் அதன்பிறகு தலைகுனிந்தே நடந்தார்கள்.

வில்ஃபைத் தரைவிரிப்பில் சரித்து, விரிப்போடு இழுத்தாள். சாப்பிட்டபின் அவன் தளர்த்திவிட்ட கால்சட்டைப் பொத்தான் திறந்தே கிடந்தது. இந்தக் கோலத்தில் அப்பாவின் மகனைத் தெரு பார்ப்பதா? கை தானாகப் பொத்தானுக்குப் போனது. பொத்தான் துளைக்குள் போகவில்லை. எவ்வளவு நேரம் தடவிக்கொண்டிருந்தாளோ, சட்டென்று கையை உதறிக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

வாசற்கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. எதிர்வீட்டுப் பிரெண்டா வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, அதிசயமா இருக்கு! தெருவுக்கே குளிர் காய விடுறீங்களா?"

"பிரெண்டா..." எனிட் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "பிரெண்டா, ஓடி வாம்மா! காஸு! துளையை நான்தான் அடைச்சேன். நான்தான்!"

மண்வாரி கீழே விழுந்தது. அடுத்தடுத்த கதவுகள் திறந்தன. யாரோ தொலைபேசியில் கத்தினார்கள். எனிட் வாசற்படியில் மண்டியிட்டு, தம்பியின் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். தூவிக்கொண்டிருந்த பனியில் ஒரு துகள் அவன் மேலுதட்டில், மூக்குக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தாள்.