ஒத்தப்பிள்ளையை அறுக்காதீர்கள்

சின்ன உலையில் ஒவ்வொன்றாகச் சுட்டெடுத்த மின்னணுச் சில்லுகள் அத்தனையும் சொத்தை. ஒன்றே ஒன்று மட்டும் விளக்கை எரிய வைத்தது. ஆய்வுக்கூடத்தில் அதற்கு ஒத்தப்பிள்ளை என்றே பெயராகிவிட்டது. அது மட்டும் ஏன் வேலை செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால்தான் அடுத்ததைச் செய்ய முடியும்.

"அறுத்துப் பார்த்துடலாம்" என்றார் கத்தி அண்ணன். எதைக் கண்டாலும் குறுக்கே வெட்டி உள்ளே பார்ப்பதுதான் அவர் பிழைப்பு.

"அறுத்தா செத்துடும், அண்ணே! இருக்கிறதே ஒண்ணு!" என்று பதறினாள் படக்காரி. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுப்பவள் அவள். "மேடம், என்கிட்ட கொடுங்க. மேல இருந்தே அடிவரைக்கும் பார்த்துடறேன்."

"சாயங்காலம் வரைக்கும்தான்" என்றார் மேலாளர். கத்தி அண்ணன் அறுக்கும் இயந்திரத்தைத் துடைக்கப் போய்விட்டார்.

எலக்ட்ரான்களை மெதுவாக விட்டால் மேல்தோல் மட்டும் தெரியும். விரட்டி விட்டால் அடியிலுள்ள அடுக்கைத் தொட்டுத் திரும்பும். ரொம்ப விரட்டினால் பிள்ளை கருகிவிடும். படக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகினாள். ஆசை பாதி, பயம் பாதி. திரையின் சாம்பல் மெல்லக் கலைந்து, அடியிலிருந்த உலோக அடுக்கு வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது. சொத்தைகளில் அது திட்டுத்திட்டாக அறுந்து கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இதிலோ உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு விரிசல்கூட இல்லை.

"மேடம்! ஓடி வாங்க!" தலைகால் புரியாமல் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

சில்லைத் திரும்பப் பொருத்தினார்கள். விளக்கு எரிந்தது. கத்தி அண்ணனே கைதட்டிவிட்டார்.

மேலாளர் படத்தை உற்றுப் பார்த்தார். "இது உலையில கூடுதல் நேரம் வெந்திருக்கு. யார் வேலை இது?"

உலைக்காரன் திருதிருவென்று விழித்தான். "நான்தான் மேடம். போன் பேசிக்கிட்டே எடுக்க மறந்துட்டேன்."

"அப்படி யார்கிட்ட, என்ன பேச்சு?"

படக்காரி சட்டென்று திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இவங்ககிட்டதான். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன். யோசிச்சாங்க, யோசிச்சாங்க, யோசிச்சுக்கிட்டே இருந்தாங்க. கடைசியில அப்புறம் சொல்றேன்னு வச்சுட்டாங்க."

கூடமே கொல்லென்று சிரித்தது. மேலாளருக்கு மூக்குக்கண்ணாடி நழுவியது. "சரிப்பா, அடுத்ததும் அதே பதத்துல வேகணும். உலையில வச்சுட்டு மறுபடியும் கேளு. இந்தம்மா யோசிச்சு முடிச்சதும் எடுத்துடு."

"அது சரிப்படாது மேடம்" என்றாள் படக்காரி, திரையை விட்டுத் திரும்பாமலே. "இந்தத் தடவை கேட்ட உடனே சரின்னு சொல்லிடுவேன். சில்லு வேகாது."