மூன்று எண்ணி, பிறகு பேசவும்

காலை ஒன்பது மணிக்குக் கைப்பேசியின் முதுகில் எரிய ஆரம்பித்த டார்ச் பதினொன்றரை வரை அணையவில்லை. அதை எப்படி ஏற்றினோம் என்பதும் மேற்பார்வையாளருக்குத் தெரியாது, எப்படி அணைப்பது என்பதும் தெரியாது. மனைவியைக் கேட்கலாம். கேட்டால் முப்பத்து நான்கு வருட சர்வீஸ் என்னாவது? ஆகவே அதைத் தலையணைக்கு அடியில் தள்ளி, தலையணைமேல் செய்தித்தாளை விரித்து, தாளின்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பாரமாக வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவர்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, தலையணை ஏன் எரியுது?" என்றாள் துணி வாளியோடு வந்த மனைவி.

ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகியும் அவர் மேற்பார்வையாளர்தான். வாசலில் பெயர்ப்பலகையே அப்படி. தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளைக் கையால் செருகி இணைத்த காலத்தில், பதினெட்டு ஆபரேட்டர்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தவர். இந்த ஊருக்கே காது வைத்தவன் நான் என்று கல்யாண வீட்டில்கூடச் சொல்லுவார். அப்படிப்பட்டவர் ஸ்மார்ட்ஃபோனைப் பொம்மை என்று ஒதுக்கியதில் ஆச்சரியமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அம்மாவுக்குப் புது ஃபோனும் புது நம்பரும் வாங்கிக் கொடுத்தாள். பழைய ஃபோனைப் பழைய நம்பரோடு அப்பாவின் மடியில் வைத்தாள். "அடுத்த ஞாயிறு வந்து உள்ள இருக்கிற அம்மாவோட குப்பையெல்லாம் துடைச்சுத் தரேன். அதுவரைக்கும் தொட்டுப் பழகுங்கப்பா. கடிக்காது."

இன்று சனிக்கிழமை. ஆறு நாளில் அவர் கற்றதெல்லாம் ஒரு பதிவேட்டில் இருந்தது. 'விதி 1: வலப்புறப் பொத்தானை அமுக்கி எழுப்பவும். விதி 2: பூட்டு தோன்றின் மேல்நோக்கித் தள்ளவும்.' ஒவ்வொரு விதிக்குக் கீழும் தேதியிட்டுச் சுருக்கொப்பம் போட்டிருந்தார். ஒப்பத்தை மதித்துக் கைப்பேசி ஒருமுறைகூட நடந்துகொள்ளவில்லை.

மனைவி டார்ச்சை ஒரே தொடலில் அணைத்தாள். "குத்தாதீங்க, தடவுங்க. காலிங்பெல்லா அது?" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

அவர் தடவினார். பச்சைக் கட்டம் திறந்தது. முகங்கள் வரிசையாக நின்றன: மகள், பால்காரர், தையல்காரம்மா. நான்காவதாக, 'கொழுந்தன்'.

மனைவிக்குக் கொழுந்தன் என்றால் அவருக்குத் தம்பி. படத்தில் சற்று ஊதியிருந்தான், தலை நரைத்திருந்தது. அவர் அந்த முகத்தைப் பார்த்து இருபத்தாறு வருடமாகிறது. தம்பி செத்து நாற்பது நாளாகிறது. சேதி வந்த அன்று முட்டி வலி, பஸ் ஏற முடியாது என்றார். மறுநாள் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தபோது மூன்று மாடி ஏறி வால்வை அடைத்துவிட்டு வந்தார். மனைவி அதைப் பார்த்தாள்.

தம்பிக்கு நிலையத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், அதைப் பறித்ததும் அவர்தான். இணைக்கலாம், கேட்கக் கூடாது என்பது அங்கே தலையாய விதி. ஒருநாள் மத்தியானம் தம்பி கேட்டுவிட்டான். விபத்தில் புருஷன் போன சேதி ஒரு பெண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுமுனையில் ஏதோ விழுந்த சத்தம், பிறகு ஒரு குழந்தை அழுகிற சத்தம். தம்பி செருகியிருந்த வயரை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டுக்கு ஓடினான். அரை மணி நேரம் அவன் இருக்கை காலி. மேற்பார்வையாளர் அறிக்கை எழுதினார். சொந்தத் தம்பி என்பதால் ஒரு வரி கூடுதலாகவே எழுதினார். எழுத்துமூலம் விளக்கம் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றார். தம்பி கொடுக்கவில்லை, வேலை போயிற்று. விளக்கம் வரும்வரை அவன் பேச்சை யாரும் இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார். வீட்டில் அப்போது இருந்தது மனைவியும் எட்டு வயது மகளும்தான். உத்தரவை எச்சில் தொட்டுச் சுவரில் ஒட்டாததுதான் பாக்கி.

முகத்தின் மேல் விரல் பட்டது. சிறு சிறு முக்கோணங்கள் வைத்த கட்டங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்தன. கடைசி முக்கோணத்தைத் தொட்டார்.

"அண்ணே."

கை தானாகக் கைப்பேசியைக் காதுக்குக் கொண்டுபோனது. அறையில் கேட்ட குரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, காதுக்குள் மட்டும் இறங்கியது. "அண்ணே." ஒரு இடைவெளி.

"ம்," என்றார்.

செத்தவன் பேசமாட்டான் என்பது மூளைக்குத் தெரியும். ஆனால் முப்பத்து நான்கு வருடத்தில் அந்தக் காது எந்த வேலைக்கும் மூளையிடம் அனுமதி கேட்டதில்லை.

"நல்லாருக்கியா?"

"இருக்கேன்."

"முட்டி வலின்னு அண்ணி சொன்னாங்க. எண்ணெய் கிண்ணெய் போட்டியா?"

"போட்டேன், போட்டேன்."

ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் சரியாக மூன்று எண்ணும் நேரம். அது அவர் கற்றுக் கொடுத்தது. தூரத்து அழைப்புகளில் குரல் போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தும். பேசிவிட்டு மூன்று எண்ணு, இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசி இரண்டு பேரும் கேட்கமாட்டார்கள் என்று, புதிதாகச் சேர்ந்தவனுக்குத் தலையில் குட்டிச் சொன்ன பாடம். அவன் அதை மறக்கவேயில்லை. பதில் வராத இடத்திலும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

"நீ எழுத்துல விளக்கம் கேட்ட. எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியும். வாயால சொல்றேன், எழுதிக்க."

"சொல்லு." பதிவேட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"லைன்ல காது வெச்சது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா அந்தம்மா தனியா இருந்தாங்கண்ணே. கொழந்த வேற. நீ என் எடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

ஒன்று. இரண்டு. மூன்று. பேனா காற்றில் நின்றது. காதுக்குள் ஒரு சின்ன ஓசை, பிறகு வெறுமை.

"ஹலோ," என்றார் பழைய அதிகாரக் குரலில். "ஹலோ! லைன் கட்டாயிடுச்சு. அப்படியே இரு, மறுபடி போடறேன்." முக்கோணத்தை அமுக்கினார்.

"அண்ணே," என்றான் தம்பி. அதே மூச்சு, அதே இடைவெளி. "நல்லாருக்கியா?"

இந்தமுறை அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததைப் பற்றித் தம்பி கவலைப்படவுமில்லை. முட்டியை விசாரித்தான், எண்ணெயை விசாரித்தான்.

மாடியிலிருந்து இறங்கி வந்த மனைவி வாளியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"எத்தனை இருக்கு?" என்றார்.

"முப்பத்தொண்ணு. ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு."

"ஏன் சொல்லல?"

"அவன் பேச்சை எடுக்கக் கூடாதுன்னீங்களே. நானா எடுத்தேன்? அவராதான் பேசினாரு."

"நீ பதில் போட்டியா?"

"போட்டேன். நல்லாருக்காரு, முட்டி வலி, கோவம் கொறையலன்னு. ஆனா அவரு கேட்டதெல்லாம் உங்களைத்தான். அதுக்கெல்லாம் நான் எப்படிப் பதில் சொல்ல?" முந்தானையால் கையைத் துடைத்தாள். "நாளைக்கு மக வந்து எல்லாத்தையும் துடைச்சிருவா. வேணாம்னா நீங்கதான் சொல்லணும்."

அவர் வெகுநேரம் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "பேசி அனுப்பறது எப்படி?" என்றார். அந்த வீட்டில் அவர் கேட்ட முதல் சந்தேகம் அது. மனைவி சிரிக்கவில்லை.

"இந்த மைக்கை அமுக்கிப் பிடிச்சுட்டே பேசணும். விரலை எடுத்தா போயிரும். ஒத்தை டிக் விழுந்தா இன்னும் அங்க சேரலன்னு அர்த்தம். ரெண்டு விழுந்தா சேர்ந்துடுச்சு. நீலமானா கேட்டாச்சு."

"அங்கன்னா, எங்க?"

"அவரு ஃபோனை அணைச்சு அலமாரில வெச்சுப் பூட்டிட்டதா அவரு பொண்டாட்டி சொன்னா." வாளியை எடுத்துக்கொண்டாள். "மத்தபடி உங்களுக்குத் தெரியாத எடமா? ஊருக்கே லைன் குடுத்தவரு."

தனியாக விடப்பட்டதும் அமுக்கினார். முதல் பதிவில் மின்விசிறி மட்டும் பதினோரு விநாடி பேசியது. இரண்டாவதில், "வணக்கம். தங்கள் வாய்மொழி விளக்கம் கிடைக்கப்பெற்றது," என்று ஆரம்பித்து, தன் குரலைத் தானே கேட்கச் சகிக்காமல் விரலை எடுத்தார். அதுவும் போய்விட்டது. அனுப்பியதைத் திரும்பப் பெற அவரிடம் விதி இல்லை. மூன்றாம் முறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அமுக்கினார்.

"நான் ஓடியிருக்கமாட்டேன்டா," என்றார். "எடத்த விட்டு எந்திரிச்சிருக்கமாட்டேன். அதான் உண்மை." மூன்று எண்ணினார். பிறகு, "நீ போனியே, அந்தம்மா கதவத் தொறந்தாங்களா? அத நான் கேக்கவேயில்லடா."

விரலை எடுத்தார். ஒற்றை டிக் விழுந்தது.

மத்தியானம் சாப்பிட்டார், ஒற்றை டிக். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய், என்ன வாங்க வந்தோம் என்பதை மறந்து திரும்பினார், ஒற்றை டிக். பதிவேட்டில் 'விதி 9' என்று எழுதி, அதன்கீழ் ஒன்றும் எழுதாமல் சுருக்கொப்பம் மட்டும் போட்டார். மகள் அழைத்து, "நாளைக்குப் பத்து மணிக்கு வரேன்பா, சார்ஜ் போட்டு வைங்க," என்றாள். "நீ வா. அதுல கை வைக்காத," என்றார். "ஏம்ப்பா?" என்றாள். "அப்படியே வெச்சுக்கறேன்," என்றார்.

வெயில் சாய்ந்து சமையலறையில் தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டபோது, அவர் கண்ணெதிரே ஒற்றை டிக்குக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று பதிவுகளுக்கும்.

"இங்க வா," என்று மனைவியைக் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் டிக்குகள் நீலமாயின. யார் அலமாரியைத் திறந்தார்கள்? யார் கையில் இருக்கிறது? மேலே, நரைத்த அந்த முகத்துக்குப் பக்கத்தில், 'கொழுந்தன்' என்ற பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில் ஒன்று தோன்றியது.

'குரல் பதிவு செய்கிறார்...'

விரல் எங்கேயோ பட்டு டார்ச் மறுபடி எரிய ஆரம்பித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கைப்பேசியைக் காதோடு சேர்த்து அமுக்கி, செருகுபலகைக்கு முன்னால் தானும் ஆபரேட்டராக உட்கார்ந்த ஆரம்ப காலத்தைப்போல முதுகை நிமிர்த்திக்கொண்டார். பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. சமையலறையில் தட்டுச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

ஒன்று, என்று எண்ணினார். இரண்டு.