மூன்றாம் மாடி வழியாகப் போகும் சரக்கு ரயில்

ஜெராக்ஸ் கடைக்காரியின் வீட்டுக்குள் முதன்முதலாகச் சரக்கு ரயில் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு. வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. தண்டவாளம் என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் ஊரின் மறுகோடிக்கு, ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. மற்றபடி அதில் எந்தக் குறையும் இல்லை. முதலில் தொலைவில் எங்கோ ஒரு வளைவில் ஊதுகிற சத்தம் கேட்டது. இரண்டு நிமிடம் கழித்து சமையலறை ஜன்னல் பக்கமாக இன்ஜின் நுழைந்தது, கூடத்தைக் குறுக்கே கடந்தது, குளியலறைச் சுவர் வழியாக வெளியேறியது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. தையல்காரரான அவள் கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்காமலே ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ண ஆரம்பித்து நாற்பத்தாறில் நிறுத்தினார். "நாப்பத்தாறு பெட்டி," என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, விடிகிற நேரத்தில் பீரோவை இழுக்க வேண்டாம் என்று தன்மையாகக் கேட்டுக்கொண்டு போனார். அந்த வீட்டில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு அது எந்த ரயில் என்று தெரியும். மகள் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. ஜெராக்ஸ்காரி பற்ற வைக்காத அடுப்பின் முன்னால் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஊரில் பள்ளி முடித்தவர்கள் மேற்கொண்டு இரண்டு வருடம் படிப்பதற்குப் பதினோரு கல்லூரிகள் இருந்தன. பதினோரு கல்லூரிகளின் விண்ணப்பங்களும் அவள் கடைக் கண்ணாடி மேல் படுத்து எழுந்துதான் போகும். எந்தக் கல்லூரியில் எத்தனை பேர் தேறினார்கள், எங்கே ஆய்வுக்கூடம் பெயருக்கு மட்டும் இருக்கிறது, எங்கே கணக்கு வாத்தியார் நடு வருடத்தில் காணாமல் போவார் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். வரிசையில் நிற்கிற பெற்றோர்கள், "எந்தக் காலேஜ்க்கா நல்ல காலேஜ்?" என்று கேட்பார்கள். "மேட்டுக் காலேஜ்தான், வேற என்ன," என்பாள். பதினான்கு வருடமாக இதையே சொல்லிச் சொல்லி, அவளுக்கே அது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி ஆகிவிட்டது. அவள் மகளோ பாலத்தடிக் கல்லூரியில் நில அளவை படிக்க வேண்டும் என்றாள். பார்வையாளர் நாளன்று அங்கே முக்காலியில் நிறுத்தியிருந்த கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தபோது, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மாடியில் காய்ந்த சட்டையில் மாட்டியிருந்த கிளிப்பின் நிறம் பச்சை என்பது வரை தெரிந்ததாம். அதற்குமேல் அவளுக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை.

"ஊரே என்னைக் கேட்டுட்டு மேட்டுக் காலேஜுக்குப் போகுது. என் பொண்ணு பாலத்தடிக்குப் போனா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கடையில உக்கார்றது?" என்றாள் ஜெராக்ஸ்காரி. மகள் வாயைத் திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள் அம்மா.

மேட்டுக் கல்லூரிக்கு மதிப்பெண் மட்டும் போதாது. 'நான் கற்றுக்கொண்டது எப்படி' என்று ஒரு பக்கக் கடிதம், சொந்தக் கையெழுத்தில் வேண்டும். மகள் நான்கு நாள் உட்கார்ந்தாள். ஒரு வரி எழுதுவதும் கிழிப்பதுமாகக் குப்பைக்கூடைதான் நிறைந்தது. ஐந்தாம் நாள் கடைக்கு ஒரு பெண் வந்து, தன் கடிதத்தை நீட்டி இரண்டு நகல் கேட்டாள். தலையை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தாள், செருப்பில் தார் ஒட்டியிருந்தது. அடுத்தவர் தாளைப் படிப்பதில்லை என்பது ஜெராக்ஸ்காரி தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அன்றைக்கு ஏனோ படித்தாள். ஊர்க்கோடி ரயில்வே கேட்டில் தன் அப்பா கேட் கீப்பர், வீட்டுச் சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு ஆள்தான் நிற்க முடியும், காலையில் சரக்கு வண்டி போகும்போது அப்பா பெட்டிகளை உரக்க எண்ணுவார், அதைக் கேட்டுத்தான் தனக்கு எண்கள் வந்தன, கழித்தல் வந்தது, நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் என்று ஒன்று உண்டு என்பதும் வந்தது என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். ஜெராக்ஸ்காரி இரண்டாம் முறையும் படித்தாள். நகல் பட்டனை மூன்று முறை அழுத்தினாள். மூன்றாவது தாள் டோனர் டப்பாவுக்கு அடியில் போனது.

"யாருதும்மா இது?" என்று மகள் கேட்டாள்.

"யாரோ கடையில விட்டுட்டுப் போனது. ஒரு மாதிரிக்கு வெச்சுக்கோ. பாத்து எழுது."

மகள் பார்த்து எழுதினாள். ஒரு வார்த்தை மாற்றவில்லை. மாற்றினால் அதன் அழகு கெட்டுவிடும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை ரயில் வந்தது. அன்றிலிருந்து தினமும் வந்தது, சரக்கு வண்டியாதலால் நேரக் கணக்கு இல்லாமல், ஐந்துக்கும் ஆறரைக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும்.

ஒரே கடிதம் இரண்டு கையெழுத்தில் வந்ததைக் கல்லூரி கவனிக்காமல் இருக்குமா? கவனித்தது. கல்லூரியின் மூத்த எழுத்தர் நேர்மையானவர், சைக்கிளில் போகிறவர். இரண்டு வீட்டையும் தானே நேரில் பார்ப்பதென்று முடிவு செய்தார். முதல் நாள் விடியலில் ரயில்வே கேட்டுக்குப் போய் நின்றார். நாற்பத்து நான்கு பெட்டிகள் அவர் மூக்குக்கு முன்னால் போயின, பஞ்சு மூட்டை உருளுவது போல, ஒரு சத்தமும் இல்லாமல். கேட் கீப்பர் பச்சைக் கொடியோடு வாயைத் திறந்தார். எண் எதுவும் வரவில்லை. அவர் மகள், "ஒரு வாரமா இப்படித்தான் சார் இருக்கு," என்றாள். எழுத்தர் குறித்துக்கொண்டார்.

மறுநாள் ஜெராக்ஸ்காரியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். அவள் டீ கொடுத்தாள். ஐந்தே முக்காலுக்கு ஊதல் கேட்டது. அவர் கையிலிருந்த டம்ளர் நடுங்கி, டீ சட்டையில் சிந்தியது. இரும்பு வாடை கூடம் முழுக்க நிறைந்தது. உள்ளே தையல்காரர் நாற்பத்தொன்று வரை எண்ணி முடித்தார். எழுத்தர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்தபடி கேட்டார்: "அந்தக் கடிதத்துல இருக்கிறது உங்க வீடுதானேம்மா?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். பின்னாளில் எத்தனையோ ஆயிரம் முறை அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அன்று அவள், "நீங்களே பாத்தீங்களே," என்றாள். பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாத அந்தப் பதிலை யோசித்துத்தான் சொன்னாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். மகள் கதவோரம் நின்று கால் கட்டை விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் கல்லூரிப் பியூன் ஒரு அறிவிப்போடு கடைக்கு வந்தார். கேட் கீப்பரின் மகள் பிறருடைய கடிதத்தைத் தன்னுடையது என்று கொடுத்தவள், மற்றக் கல்லூரிகளும் எச்சரிக்கையாக இருக்கவும் என்று எழுதியிருந்தது. பத்துக் கல்லூரிக்குப் பத்து நகல். இயந்திரம் அன்று சிக்கவில்லை, மங்கலாக அடிக்கவில்லை, மின்சாரமும் போகவில்லை. பத்தையும் அவளே எடுத்து, ஓரம் தட்டி நேராக்கிக் கொடுத்தாள். பத்தில் ஒன்பது கல்லூரிகள் அந்தப் பெண்ணுக்குக் கதவைச் சாத்தின. மேட்டுக் கல்லூரியிலிருந்து வரும் எந்தத் தாளையும் பிரிப்பதில்லை என்று ஒரு பழைய வைராக்கியம் பாலத்தடிக் கல்லூரிக்கு இருந்ததால், அங்கே மட்டும் இடம் கிடைத்தது.

மகள் மேட்டுக் கல்லூரியில் 'ரயில் வீட்டுப் பெண்' ஆனாள். விருந்தினர் யார் வந்தாலும் அவளை மேடையேற்றி அந்தக் கடிதத்தைப் படிக்கச் சொன்னார்கள். படித்துவிட்டு வந்த நாட்களில் அவள் சாப்பிடமாட்டாள். கடையில் வாழ்த்துச் சொன்னவர்களிடம் ஜெராக்ஸ்காரி தலையைக் குனிந்தே பேசினாள். எவ்வளவு அடக்கம் பாரு என்றார்கள். அது அவளை இன்னும் குத்தியது. தையல்காரர் மட்டும் நிம்மதியாக எண்ணிக்கொண்டிருந்தார். ஒருநாள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி, "நமக்கு ஏன்டி இந்த ரயில்?" என்று கேட்டார். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

பனிக்காலம் வந்தது. ரயில்வே கேட்டில் வண்டி வருவதைச் சொல்லும் மணி செத்துப்போய் வருடக்கணக்காகிறது. வளைவில் ஊதுகிற சத்தத்தை வைத்துத்தான் கேட் கீப்பர் அதுவரை கேட்டை இறக்கிக்கொண்டிருந்தார். சத்தம் போன பிறகு கண்ணை நம்பினார். பனியில் கண்ணும் உதவவில்லை. ஒரு வியாழக்கிழமை பால்காரர் சைக்கிளோடு குறுக்கே போகும்போது வண்டி ஓசைப்படாமல் வந்தது. பால்காரர் குதித்துத் தப்பினார். சைக்கிள் தப்பவில்லை. தூங்கிவிட்டார் என்று கேட் கீப்பரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரணை போட்டார்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் மறுபடி கடைக்கு வந்தாள். கையில் ரயில்வே அதிகாரிக்கு எழுதிய மனு. தாளை உடனே கொடுக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "ரெண்டு காப்பிக்கா. படிக்காம எடுத்துத் தாங்க," என்றாள்.

"ஏம்மா?"

"போன தடவை யாரோ படிச்சிட்டாங்க."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரிதான் சொன்னாள். ஜெராக்ஸ்காரி தாளைக் கவிழ்த்தபடியே வாங்கி, கவிழ்த்தபடியே கண்ணாடியில் வைத்து, இயந்திரத்தின் வெளிச்சம் இரண்டு முறை போய்வரும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டோனர் டப்பாவுக்கு அடியிலிருந்து பழைய தாளை எடுத்தாள். ஓரத்தில் கறுப்புப் பொடி படிந்திருந்தது. கையைக் கூடக் கழுவாமல் மேட்டுக் கல்லூரிக்கு நடந்தாள்.

முதல்வர் அறையில் அந்த மூத்த எழுத்தரும் இருந்தார். அவள் தாளை மேஜை மேல் வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னாள். கடைசியில் எழுத்தர், "நான் என் கண்ணால பாத்துட்டுத்தானே எழுதினேன்," என்றார். "நீங்க பாத்தது நெசம் சார். நான்தான் பொய்," என்றாள் அவள். அவர் அன்று மாலையே மிதிவண்டியில் கேட் கீப்பர் வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். மகளின் இடம் ரத்தானது. கேட் கீப்பரின் மகளுக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். ஜெராக்ஸ்காரிக்கு நன்றியும் சொல்லவில்லை, வசவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஜெராக்ஸ் எடுக்க வேறு தெருக் கடைக்குப் போனாள்.

ரயில்வே அதிகாரி ஒருவர் மூன்றாம் மாடிக்கு வந்து ரயிலைக் கேட்டார், கோப்பில் எழுதினார், கேட் கீப்பரை வேலையில் சேர்த்துக்கொண்டார். சத்தத்தைத் திரும்பக் கொண்டுபோக மட்டும் யாராலும் முடியவில்லை. அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள் என்பதற்காக ரயில் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே ஒரு ஏற்பாடு செய்தார்கள். விடியலில் வளைவின் ஊதல் கேட்டதும் ஜெராக்ஸ்காரி கேட்டுக்குப் போன் செய்ய வேண்டும். முதல் நாள் எண்ணைத் தாளில் பார்த்துப் பார்த்து டயல் செய்தாள். மறுமுனையில் எடுத்த கேட் கீப்பர், "ம்," என்றார். "ஊதிடுச்சுங்க," என்றாள். "சரி," என்று வைத்துவிட்டார்.

கடைக்கு வருகிறவர்கள் விஷயம் தெரிந்து இரண்டு மாதம் வரவில்லை. பிறகு வந்தார்கள், தாளை நீட்டும்போது கையால் பாதி மறைத்துக்கொண்டு நீட்டினார்கள். எது நல்ல காலேஜ் என்று யாராவது தெரியாமல் கேட்டால், "பிள்ளைய கேளுங்க," என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மகள் ஒரு வருடம் கடையில் சுருள் கம்பி கோத்து நோட்டுப் புத்தகம் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் வேலைக்கு வேண்டிய வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அடுத்த வருடம் சொந்தமாக எட்டு வரி எழுதிக் கொடுத்துப் பாலத்தடிக் கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டாம் வருடம் கல்லூரியிலிருந்து கருவியை வாங்கி வந்து கூடத்தில் முக்காலியை விரித்து, ரயில் போகிற பாதையை அளந்து வரைபடம் போட்டாள். சமையலறை ஜன்னலுக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் வளைவு இருக்கிறது என்று தெரிந்தது. "சாப்பாட்டு மேஜையை ரெண்டடி தள்ளிப் போடும்மா," என்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். மேஜையைத் தள்ளினார்கள். அதன்பின் டம்ளர்கள் அவ்வளவாக ஆடவில்லை.

ஒன்பது வருடம் ஜெராக்ஸ்காரி ஐந்து மணிக்கு எழுந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். காய்ச்சல் என்றாலும் உட்கார்ந்தாள். மகள் கல்யாணமாகி வெளியூர் போனாள், கேட் கீப்பர் மகள் எங்கோ பெரிய வேலையில் இருப்பதாகக் கேள்வி. கீழ்வீட்டுக்காரர் ரயில் போன பிறகுதான் பல் தேய்ப்பது என்று வைத்துக்கொண்டார். ஒன்பது வருடமும் போனில் அவள் சொன்னது ஊதிடுச்சுங்க, அவர் சொன்னது சரி. அதற்குமேல் பேச அவள் துணியவில்லை; அவரும் பேசவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மணி ஆக இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போது, போன் தானாக அடித்தது. அவள் பதறி எடுத்தாள்.

"நான்தான் பேசுறேன்," என்றார் கேட் கீப்பர். "லைன்ல வேலை. இன்னிக்கு வண்டி கிடையாது. நீ தூங்கும்மா."

"சரிங்க," என்றாள் அவள். அவர் வைத்தார். வீடு அமைதியாக இருந்தது. தையல்காரர் தூக்கத்தில் எண்ணத் தொடங்கி, எண்ண ஒன்றும் இல்லாமல் திரும்பிப் படுத்தார். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் படுத்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஏழு மணி வரை தூங்கினாள்.