திரை மூடிய ஜன்னல்கள்

தான் செத்தால் வீட்டு முன்னறையில்தான் கிடத்த வேண்டும் என்று ஹெர்பர்ட் மனைவி வினிஃப்ரெடிடம் சத்தியமே வாங்கியிருந்தார். இங்கிலாந்தின் சால்ஃபர்டில் அவர்கள் குடியிருந்த தெருவில் ஒரு சாவு விழுந்தால், ஜென்மப் பகையாளிகூட மரியாதைக்கு ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். சவப்பெட்டி தெருமுனை தாண்டும்வரை ஒரு திரையும் விலகாது.

அந்தத் தெருவைத்தான் மாநகராட்சி இடித்துத் தள்ளி, இவர்களைப் பதினோராவது மாடியில் குடிவைத்தது. வெந்நீர்க் குழாய், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் கட்டடத்துக்கு வரைபடம் போட்ட புண்ணியவான்களுக்கு மனிதன் சாவான் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

"லிப்ட்ல பெட்டி படுக்காதும்மா," என்றார், ஹெர்பர்ட் இறந்ததும் வந்த சவ அடக்கம் செய்யும் கிளெக். "நிக்கவெச்சுத்தான் மேல கொண்டுவரணும். படியில தூக்கினா திருப்பத்துல மாட்டிக்கும்."

"ஆயுசுபூரா ஆலையில நின்ன மனுஷன். செத்தும் நிக்கணுமா? வேணாம், உங்ககிட்டயே இருக்கட்டும். எடுக்கற அன்னிக்கு வண்டிய மட்டும் எங்க வாசல் வழியா விடுங்க."

சனிக்கிழமை பிற்பகல் என்று முடிவாயிற்று. அந்த நேரத்தை வேறு யாரும் கேட்டிருக்கவில்லை.

வெட்கத்தை விட்டு, அன்று திரையை மூடச் சொல்லிக் கேட்கத் தன் மாடியில் மூன்று கதவுகளைத் தட்டினாள் வினிஃப்ரெட். இரண்டு திறக்கவே இல்லை. மூன்றாவதில் சங்கிலியைக் கழற்றாமல் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "திரையா? எதுக்கு?" என்றாள். வினிஃப்ரெட் திரும்பிவிட்டாள். அன்றிரவு அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை தன் வீட்டுத் திரையை மூடிவிட்டு, மகள் டோரீனுடன் கீழே வந்து நின்றாள். நல்ல வெயில். வண்டி வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அடிமாடியிலிருந்து உச்சிவரை எல்லா ஜன்னல்களிலும் திரை மூடியிருந்தது.

"பாருடி டோரீன். ஒரு வீடு பாக்கியில்லாம மூடியிருக்காங்க. இந்த ஜனங்கள நான்தான் தப்பா நெனச்சுட்டேன். உங்கப்பா பாத்திருந்தா..."

டோரீன் தரையைப் பார்த்தாள். "வாம்மா, வண்டியில ஏறு."

"இரு. கண்ணார பாத்துக்கறேன்."

அப்போதுதான் எல்லா மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் பெரிய கூச்சல் எழுந்தது. கைதட்டல், விசில். வண்டி அருகே தொப்பியைக் கழற்றி நின்ற கிளெக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னடி சத்தம்?"

டோரீன் தயங்கினாள். "இன்னிக்கு ஃபுட்பால் கப் ஃபைனல்மா. கோல் விழுந்திருக்கும். வெயில் அடிச்சா டிவி தெரியாதில்ல, அதான் மூடியிருக்காங்க."

வினிஃப்ரெடுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. தன் ஜன்னலையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று கீழிருந்து ஒவ்வொரு மாடியாக எண்ணினாள். எண்ணிக்கை தவறிப்போய் மறுபடியும் எண்ணினாள். அத்தனை திரைகளுக்கு நடுவே ஹெர்பர்டுக்காக மூடியது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.