தட்டினால் விட வேண்டும்

திண்டிவனம் போகும் பஸ்ஸில் தன் இடுப்பைத் தடவிய கையை ஆரோக்கியசெல்வி முறுக்கிப் பிடித்து, அந்த ஆளைக் குனிய வைத்தாள். வலி தாங்காமல் அவன் சீட்டை இரண்டு தடவை தட்டினான். உடனே அவள் பிடி தானாகத் தளர்ந்தது. எதிராளி தட்டினால் விட்டுவிட வேண்டும் என்பது கராத்தே வகுப்பில் இரண்டு வருடப் பழக்கம். பஸ்ஸே வேடிக்கை பார்க்க, அவன் இளித்துக்கொண்டே ஒலக்கூரில் இறங்கிப் போனான்.

அன்று மாலை அவள் குமுறியபோது மாஸ்டர் தென்னரசு, "கோவத்த அடக்கும்மா. நம்ம கலைக்கு ஒழுக்கம்தான் முக்கியம்" என்றார்.

"அதத்தான சார் ரெண்டு வருசமா கத்துக்கினு இருக்கேன்! அவன் ரெண்டு வாட்டி தட்டுனான், நான் உட்டுட்டேன். நான் மூணு வாட்டி கைய எட்றான்னேன். அவன் எடுத்தானா?"