பெருமாள் எந்த நோட்டில்?

கங்கைக் கரையில் கார்டன் ரீச் துறையை ஒட்டியிருந்த அந்தக் கப்பல் கம்பெனியில், காணாமல் போன சாமான்களுக்கென்று இரண்டு நோட்டுகள் இருந்தன. பச்சை அட்டை போட்டது மிஸ்ஸிங், கறுப்பு அட்டை போட்டது லாஸ்ட். மிஸ்ஸிங் என்றால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, எங்கோ இருக்கிறது, தேடலாம். லாஸ்ட் என்றால் போனது போனதுதான். பதினைந்து நாள் தேடியும் அகப்படாத சாமான் பச்சையிலிருந்து கறுப்புக்கு மாறிவிடும். மாற்றி எழுதுகிற குமாஸ்தா திருவேங்கடம்.

பதினாறாம் நாள் காலையில் சீதாராமனின் பெட்டியைக் கறுப்பில் ஏற்றியபோது அவருக்குக் கை கூசியது. சீதாராமன், பவானிபூரில் திருவேங்கடம் சாப்பிடுகிற தமிழ் மெஸ்ஸுக்குச் சமையல்காரராக மதராஸிலிருந்து கப்பலில் வந்தவர். அவர் இறங்கினார், அவர் பெட்டி இறங்கவில்லை. பெட்டிக்குள் இருந்தது அவருடைய பெருமாள். உள்ளங்கையில் அடங்கும் சாளக்கிராமம். பெருமாளுக்கு அமுது செய்விக்காமல் அவர் சோறு தொடமாட்டார். இருபது பேருக்கு வயிறார வடித்துப் போட்டுவிட்டு, தாம் மட்டும் ஒரு வாழைப்பழம், ஒரு வாய்ப் பால் என்று நாளை ஓட்டினார். அவர் வேஷ்டி இடுப்பில் ஒரு சுற்று அதிகம் சுற்றுவதைத் திருவேங்கடம் பந்தியிலிருந்தே பார்த்திருந்தார்.

அன்று மத்தியானமே பெட்டி வந்துவிட்டது! ரங்கூன் போய்த் திரும்பிய கப்பலில். ஆள் அனுப்பியதும் சீதாராமன் ஓடி வந்து அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது அந்தப் பெட்டி இல்லை" என்றார் இரண்டு நோட்டுகளுக்கும் அதிகாரியான பென்ரோஸ் துரை.

"அதே பூட்டு, அதே பெயர், ஸார்" என்றார் திருவேங்கடம்.

"அந்தப் பெட்டி லாஸ்ட். லாஸ்ட் ஆனது திரும்பி வராது. வருவது மிஸ்ஸிங் மட்டும்தான். மிஸ்ஸிங் நோட்டில் இந்தப் பெட்டி இருக்கிறதா?"

"காலையில்தான் அதிலிருந்து அடித்தேன், ஸார்."

"பார்த்தாயா?"

துரை கெட்டவர் அல்ல. பன்னிரண்டு வருஷமாக அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றி வருகிறவர், அவ்வளவுதான்.

"துரை என்ன சொல்றார், ஸ்வாமி?" என்றார் சீதாராமன்.

"பெட்டி இன்னும் வரலையாம்."

"நான் அதுமேல கை வெச்சுண்டு நிக்கறேனே!"

"நீர் வெறுங் காத்துமேல கை வெச்சுண்டிருக்கீராம்."

தலைமைக் குமாஸ்தா ஹரிபத பாபு ஒரு யோசனை சொன்னார். "மறுபடியும் இதைத் தொலைத்து, பச்சையில் எழுதி, நாளைக்குக் கண்டுபிடித்துவிடலாமே?"

"இல்லாத பெட்டியை எப்படி ஐயா தொலைப்பது?" என்றார் துரை, நிஜமான வருத்தத்தோடு.

சீதாராமன் பெட்டியோரம் உட்கார்ந்துவிட்டார். "எனக்காகக் கேக்கலை, ஸ்வாமி. பதினாறு நாளா அவர்னா பட்டினி கிடக்கார்!"

இதை எப்படிச் சொல்வதென்று திருவேங்கடம் தயங்கினார். பிறகு உள்ளபடியே சொன்னார்: "உள்ளே இருப்பவர் பதினாறு நாளாகச் சாப்பிடவில்லை, ஸார்."

துரை எழுந்துவிட்டார். "உள்ளே ஆள் இருக்கிறாரா?"

"ஆளுக்கும் மேலே. விடியலில் எழுப்புவோம், நீராட்டுவோம், உண்ணக் கொடுப்போம், தூங்க வைப்போம்."

துரையின் முகம் வெளுத்தது. மனிதர் மனசைத் திறக்கப் பகவானுக்குப் பசி என்ற ஒரு சொல் போதும் போலிருக்கிறது.

"பிரயாணியைச் சாமான் நோட்டில் எழுதிய மடையன் யார்?"

"நான்தான், ஸார்!" என்றார் திருவேங்கடம். வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவர் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டதில்லை.

துரை இரண்டு நோட்டுகளையும் மூடினார். பிரயாணிகள் நோட்டை வரவழைத்து, "பெருமாள், ஒருவர், வந்து சேர்ந்தார்" என்று தம் கையாலேயே எழுதினார். "அவர் என்ன சாப்பிடுவார்? என் பிஸ்கட்டில் முட்டை இருக்கிறதே!"

ஹரிபத பாபு கடைத்தெருவுக்கு ஓடி ஒரு பொட்டலம் பதாசா என்ற சர்க்கரை வில்லை வாங்கி வந்தார். ஜன்னலுக்கு வெளியே ஓடிய கங்கையிலிருந்து ஒரு சொம்பு நீர் வந்தது. சீதாராமன் பூட்டைத் திறக்க, துரையின் மேஜைமேல் பெருமாள் நீராடி அமுது செய்தார்.

பிரசாதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட துரை, "அவருக்கு வயிறு நிறைந்ததா என்று கேள்" என்று திருவேங்கடத்திடம் மெதுவாகச் சொன்னார்.

திருவேங்கடம் கேட்டார். சீதாராமனால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறையப் பதாசா.